நார்மல் தம்பி

அந்த ஆய்வகத்தில் தம்பிக்குச் சொந்தப் பெயரே கிடையாது. “நார்மல் வந்தாச்சா?” என்றுதான் பேராசிரியர் கேட்பார். அங்கே டெக்னீஷியனாக இருக்கும் அக்காவுக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு அவளும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

விஷயம் இதுதான். வெள்ளை அணுக்களின் சவ்வில் என்னென்ன கொழுப்பு இருக்கிறது, நோய் வந்தால் அது எப்படி மாறுகிறது என்று பார்ப்பது அவர்கள் வேலை. மாறியிருக்கிறது என்று சொல்ல, மாறாத ஓர் ஆள் வேண்டுமே. ஊசி என்றதும் எல்லோரும் நழுவிவிட, அக்கா தம்பியை இழுத்துவந்தாள். லாரி ஓட்டுகிறவன், கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. “நோயாளிங்க எல்லாரையும் என்னை வெச்சுத்தான் அளக்குறாங்க, மரியாதையாப் பேசு” என்று மனைவியை மிரட்டுவான்.

அன்றும் வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான்.

“என்னடா, பட்டினி கிடக்கிறியா?”

“லோடு ஜாஸ்திக்கா.”

ரத்தத்தை எடுத்துப் போய்ச் சுழற்றும் இயந்திரத்தில் வைத்தாள். நின்றதும் குழாயைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் சிவப்பு, மேலே மஞ்சள் நீர், நடுவில் வெங்காயத் தோல் போல வெள்ளை அணுக்களின் மெல்லிய படலம்: அதுதான் வழக்கம். இன்று அந்த வெள்ளை விரல் கனத்துக்கு இருந்தது. குழாய் மாறிவிட்டதோ என்று தேடினாள். அன்று வேறு யாருடைய ரத்தமும் வரவில்லை. இப்படிப்பட்ட வெள்ளையை அவள் பார்க்காதவளில்லை. ரத்தப் புற்றுநோய்ப் பிரிவிலிருந்து வரும் குழாய்களில் பார்த்திருக்கிறாள்.

பேராசிரியர் எட்டிப் பார்த்தார். “இன்னைக்கு வெள்ளை அணு நல்லாத் தேறும் போலிருக்கே. எந்த பேஷண்ட்?”

“நார்மல், சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “இன்னொரு தடவை எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடும்மா” என்றார்.

அவளுக்குத் தெரியாத வேலையா? அணுவை உடைப்பாள், கொழுப்பைக் கரைத்தெடுப்பாள், அதில் பாஸ்போலிப்பிட் என்கிற சவ்வுக் கொழுப்பை வகைவகையாகப் பிரிப்பாள், எந்தக் கொழுப்பு அமிலம் எத்தனை பங்கு என்றும் சொல்லிவிடுவாள். தெரிந்து என்ன பிரயோஜனம்? அந்த வெள்ளையில் ஒரு சொட்டைக்கூட அவளால் குறைக்க முடியாது. இந்தப் பாழாய்ப்போன இடத்துக்கு ஏன் இவனை இழுத்துவந்தோம் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. இழுத்துவராமல் இருந்தால் மட்டும் நோய் வராமல் போயிருக்குமா என்ன.

வெளியே அவன் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். “என்னக்கா, பாஸா?”

“இன்னொரு தடவை எடுக்கணும்டா.”

“இதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?” சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு மேஜைமேல் கையை நீட்டினான். “வேணுங்கிறத எடுத்துக்க. அடுத்த தடவையும் வேற ஆளத் தேடி அலையாதீங்க. நான் இருக்கேன்ல.”

அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசியை எடுக்கத்தான் முடியவில்லை.