யாரு கையால?

கிருஷ்ணகிரி பஸ்ஸின் கண்டக்டர் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிச் சொன்னார்: "நர்ஸம்மா, உங்க இன்ஸ்பெக்டர் ஐயா காவேரிப்பட்டினத்துல தவறிட்டாராம்." ஊசிகளைக் கொதிக்கப் போட்டிருந்தேன். அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

சுகாதார இன்ஸ்பெக்டர் கோவிந்தராஜ் அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மகா சிடுமூஞ்சி. பாகலூர்ப் பக்கம் அவரோடு வேலை பார்த்த நாளெல்லாம் நான் திட்டு வாங்கியிருக்கிறேன். ஒன்றுகூட அநியாயத் திட்டு இல்லை. மனைவியை முன்பே இழந்தவர். ஒரே மகள் வசந்தாவிடம் மட்டும் அவர் குரல் இறங்கும்.

அங்கே ஒரு கோடையில் எல்லையோரக் கிராமங்களில் காலரா கண்டது. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யத்துச் சுகாதாரக்காரர்கள், நடுவே மிஷன் ஆஸ்பத்திரிக்காரர்கள், கஞ்சி ஊற்றும் வியாபாரிகள். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கொண்டாடியது காலரா.

இரண்டு பக்கமும் ஒரே கிணற்றில் குடித்தார்கள். மைசூர் இன்ஸ்பெக்டர் போகிற போக்கில், "பாவிகெ மத்து ஹாக்கி" என்றார். கன்னடத்தில் பாவி என்றால் கிணறு. 'கிணற்றுக்கு மருந்து போடுங்கள்' என்றுதான் அவர் சொன்னார். அரைகுறைக் கன்னடத்தில் எங்கள் இன்ஸ்பெக்டர் 'போட்டாயிற்று' என்று எடுத்துக்கொண்டார். மருந்தை யாருமே போடவில்லை.

கஞ்சி ஊற்ற வந்த வசந்தா அந்தத் தண்ணீரைக் குடித்தாள். எங்களிடம் சலைன் தீர்ந்திருந்தது. மிஷனில் இருந்தது எங்களுக்குத் தெரியாது. எங்களிடம் இல்லாதது அவர்களுக்குத் தெரியாது. ஆள் அனுப்பி வாங்கி வருவதற்குள் நாடி விழுந்துவிட்டது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "பாவின்னா கெணறுன்னு தெரிஞ்சுது நர்ஸம்மா. ஹாக்கின்னா என்னன்னு தெரியலையே, இந்தப் பாவிக்கு."

மறுநாள் காலை நான்கு தரப்பாரையும் கிணற்றடிக்கு வரவழைத்தார். அன்றிலிருந்து தினமும் அங்கேதான் கூட்டம். யாராவது "ஆச்சு" என்றால் விடமாட்டார். "யாரு கையால?" என்பார். செய்தவரே முன்னால் வந்து சொல்ல வேண்டும். மிஷன் டாக்டருக்குக் கோபம் வந்தது. "கோவிச்சுக்கோங்க சாமி. சொல்லிட்டுக் கோவிச்சுக்கோங்க" என்றார்.

காலரா அடங்கியது. அவர் மட்டும் ஆறவில்லை. ஊர் முழுக்கக் கும்பிட்டபோதும் தலை நிமிரவில்லை. எத்தனை உயிர் பிழைத்ததென்று சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் ஏறவில்லை.

நான் காவேரிப்பட்டினம் போய்ச் சேர்ந்தபோது பாடை தயாராக இருந்தது. "எல்லாம் ஆச்சு, தூக்கலாம்" என்றார் ஒரு பெரியவர்.

"வாய்க்கரிசி?" என்றேன்.

"போட்டாச்சுங்க."

"யாரு கையால?"

பங்காளிகள் அவருடைய மாமனார் வீட்டாரைப் பார்த்தார்கள். மாமனார் வீட்டார் பங்காளிகளைப் பார்த்தார்கள். அவர்கள் போட்டிருப்பார்கள் என்று இவர்களும், இவர்கள் போட்டிருப்பார்கள் என்று அவர்களும் இருந்திருக்கிறார்கள். போட வேண்டிய மகள் இல்லை.

அரிசியை நான் எடுத்தேன். குனிந்து அவர் காதோரம் சொன்னேன்: "என் கையால சார். போட்டாச்சு. நீங்க போயிட்டு வாங்க."