ஊரே ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால்

வெப்சைட் எழுதிப் பிழைப்பவனுக்கு, அது ஓடுகிற வரைக்கும் ஒருத்தரும் போன் பண்ணமாட்டார்கள். நின்றால் சொந்தக்காரர்கள்கூட விசாரிப்பார்கள். உங்களுக்கும் அப்படித்தானே?

மச்சான் சொன்ன தீர்ப்பு

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு ரூம், அதுதான் என் ஆபீஸ். பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்கு, பிஎச்பி என்கிற புரோகிராம் மொழியில் டோக்கன் சைட் எழுதிக் கொடுத்திருந்தேன். மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கிவிட்டு ரோட்டில் வரிசையில் நின்றால் கிழங்கு கெட்டுவிடும். அதனால் விவசாயிகள் போனிலேயே டோக்கன் போட்டுக்கொண்டு லோடு ஏற்றலாம் என்று ஏற்பாடு.

இந்த சீசனில், ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு டோக்கன் திறந்ததும் சைட் படுத்துக்கொண்டது. ஆலை முதலாளிக்குச் சென்னையில் ஐடி கம்பெனி மச்சான் ஒருத்தர். பிஎச்பியெல்லாம் கூட்டம் தாங்காது, மொத்தமா மாத்தணும் என்று ஓதிவிட்டார். முதலாளி நேரே வந்தார்.

"வர்ற திங்கக்கெழமையும் நின்னுச்சுன்னா சென்னைக்காரங்ககிட்ட குடுத்துடுவேன். கோச்சுக்காத தம்பி."

தூங்கினது யார்?

எனக்கு இருந்த ஒரே பெரிய வேலை அது. பயம்தான். ஆனால் பயத்தைவிட, நிஜமாகவே தாங்காதா என்று தெரிந்துகொள்ளும் அரிப்பு ஜாஸ்தி. சர்வர் எழுதிவைத்த பதிவுகளைத் தோண்டினேன். அட, பிஎச்பி கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கிறது! 'உங்களுக்கு முன்னால் எத்தனை பேர்' என்று காட்ட, ஒவ்வொருத்தருக்காகவும் டேட்டாபேஸ் சீசன் முழுக்க வந்த டோக்கனை ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தது. புத்தகத்தின் கடைசியில் இருக்குமே, அதுமாதிரி தேதிவாரியாகத் தேட ஒரு இன்டெக்ஸ் போட்டேன். பறந்தது.

பக்கத்து மேஜையில் டிசைன் பார்க்கும் செல்வி எட்டிப்பார்த்தாள். "இன்னாண்ணா, இழுத்தடிச்சது டேட்டாபேஸு, திட்டு வாங்கிக்கினு இருந்தது பிஎச்பியா?"

மலையிலிருந்து ஒரே போன்

இன்னொரு மர்மம் பாக்கி. ஒரே நம்பர், மூச்சுவிடாமல் டோக்கன் கேட்டுக்கொண்டே இருந்தது. எவனோ புரோகிராம் எழுதி விளையாடுகிறான் என்று அந்த நம்பரைத் தடுத்துவிட்டேன். மறுநாளே போன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு மேலே ஒரு ஊரிலிருந்து, பேசினவர் பேர் அலமேலு. அங்கே ஒரு மேட்டில்தான் சிக்னல் வருமாம். ஊருக்கே அந்தம்மாதான் தன் போனில் டோக்கன் போடுகிறார். எல்லாரும் கூடி ஒவ்வொருத்தர் காட்டிலும் கிழங்கைப் பிடுங்கி, ஒரே லாரியில் ஏற்றி அனுப்புவது அவர்கள் வழக்கம். என் சைட்டோ ஆளுக்கொரு டோக்கன் கேட்டது. ஐயையோ என்று ஆகிவிட்டது.

"ஒரே லாரிதாங்க எறங்குது. அதுக்கு வூட்டுக்கு ஒண்ணு போடச் சொன்னதும் நீங்க, போட்டா அடைக்கறதும் நீங்களா?"

அன்றே தடையை எடுத்துவிட்டு, லாரிக்கு ஒரு டோக்கன் என்று மாற்றினேன்.

திங்கட்கிழமை

ஆறு மணிக்கு முதலாளி என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். கூட்டம் வந்தது, சைட் அசையவில்லை. அலமேலு ஊர் லாரிக்கும் டோக்கன் கிடைத்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆலை அன்றைக்கு அரைக்கக்கூடிய அத்தனை டோக்கனும் தீர்ந்தது. நான் சந்தோஷத்தில் எழுந்தேவிட்டேன். அதற்குள் முதலாளியின் போன் அடிக்க ஆரம்பித்தது, டோக்கன் கிடைக்காதவர்கள். சென்னைப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

"முன்னல்லாம் சைட் படுத்துக்கிச்சுன்னு சொல்லித் தப்பிச்சுக்கினு இருந்தேன் தம்பி. இப்ப என் ஆலைதான் சின்னதுன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சே!"

பிஎச்பி தாங்குமா, டேட்டாபேஸ் தாங்குமா என்று கேட்கிறவர்களே, ரெண்டும் தாங்கும், அதற்கப்புறம் முதலாளி தாங்குவாரா என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.