திங்கட்கிழமையின் நகல்

நான் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவமனை கிள்ளானில், வீடு பிரிக்பீல்ட்ஸில். காலை ரயிலில் ஏதாவது படிப்பேன், இல்லையென்றால் முந்தைய நாளை நாட்குறிப்பில் எழுதுவேன். நாளும் கிழமையும் நேரமும் போடாமல் ஒரு வரிகூட எழுதியதில்லை. ஆகவே அது ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை என்பதும், எச்சரிக்கை மின்னஞ்சல் பிற்பகல் ஒன்று பத்துக்கு வந்தது என்பதும் ஞாபகத்திலிருந்து சொல்வதல்ல.

எக்ஸ்ரே படங்களைச் சேமிக்கும் கணினிப் பெட்டி நிரம்பிக்கொண்டிருந்தது. இதே வேகத்தில் போனால் நான்கு மணிக்குமேல் ஒரு படத்தைக்கூட வாங்காது. தொழுகைக்குப் புறப்பட்ட மேலாளர், “வெளி இன்ஜினியர் வருகிறார், பழைய ஸ்னாப்ஷாட்களை அழியுங்கள்” என்று செய்தி அனுப்பிவிட்டுப் போயிருந்தார். ஸ்னாப்ஷாட் என்பது ஒவ்வோர் இரவும் அந்தப் பெட்டி தன் நிலையைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும் நகல். ஓராண்டு தாண்டியவற்றை அழித்திருக்க வேண்டும். யாரும் அழிக்கவில்லை. யாரும் என்று எழுதுவது கோழைத்தனம்; அது என் வேலை.

காலையிலிருந்து என் அறையில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். எக்ஸ்ரே பிரிவில் படங்களுக்குப் பொறுப்பானவர். ஞாயிற்றுக்கிழமை காப்பாரில் பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை முகாம் நடந்தது. திங்களன்று படங்களை ஏற்றினார்கள்; முகாம் வண்டியிலிருந்த இயந்திரத்தின் நினைவகத்தை அன்றே துடைத்துவிட்டார்கள். செவ்வாயன்று ஒரு வெற்றுக் கோப்புறையை அழிக்கப்போன அக்கா, பக்கத்திலிருந்த முகாம் கோப்புறையை அழித்துவிட்டார். வியாழன் மாலைதான் தெரிந்தது. அந்தப் படங்கள் பெட்டிக்குள் ஒரே ஓர் இரவுதான் இருந்திருக்கின்றன. திங்கள் இரவின் நகலை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் இடமில்லாமல் நகலைத் திறக்கக்கூட அந்தப் பெட்டி மறுத்தது.

“கெடைக்கலன்னா அத்தன பேரையும் நான்தான் கூப்பிடணும், தம்பி. மறுபடியும் வந்து நில்லுங்கன்னு எந்த வாயால சொல்றது?” என்றார் அக்கா.

இரண்டு மணிக்கு இன்ஜினியர் வேர்த்து வழிய வந்தார். முப்பது வயதுக்குமேல் இருக்கும், நம்மவர்தான்.

“சாரி அண்ணே. செமினியிலேர்ந்து முழுக்க ஜாம் லா.”

உட்கார்ந்ததும் மடிக்கணினியைத் திறந்து கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஒரு ஸ்கிரிப்ட்டைக் காட்டினார். நகல்களைப் பெயர் வரிசையில் அடுக்கி, மேலிருந்து முந்நூறை அழிக்கும். திரையில் ஒவ்வொன்றாகச் சொடுக்கினால் நான்கு மணிக்குள் பாதிகூட முடியாது. இது சில நிமிட வேலை.

“ஒரே என்டர், முடிஞ்சிரும்.”

“அழிக்கிற வார்த்தைய எடுத்துட்டு, காட்டுற வார்த்தையப் போடுங்க பாஸ். எதெது போகும்னு முதல்ல பாப்போம்.”

“அண்ணே, நாலு ஆஸ்பத்திரியில ஓட்டின ஸ்கிரிப்ட். நான் இன்னும் சாப்பிடக்கூட இல்ல.”

“நானும்தான் சாப்பிடல.”

முகத்தைச் சுளித்துக்கொண்டே மாற்றினார். பட்டியலை அச்சடித்தேன். காகிதத்தில் ஒருவர் வாசிக்க, திரையில் இன்னொருவர் சரிபார்க்காமல் நான் எதையும் அழிப்பதில்லை. அக்கா காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

“குடு தம்பி. சும்மா உக்காந்திருந்தா பைத்தியம் பிடிச்சிரும்.”

பரிசோதனை முடிவை வாசிப்பதுபோல நிதானமாக வாசித்தார். முதல் பக்கத்தின் பாதியைத் தாண்டியதும் நிறுத்தினார். விரலை எடுக்கவில்லை.

“தம்பி, இது இந்த வாரம். இது என்னோட திங்கட்கிழம.”

இன்ஜினியர் எட்டிப் பார்த்தார். “பழசுதானே மேல வரணும்?”

நகல்களுக்குப் பெயர் வைத்தவன் நான். நாட்குறிப்பில் எழுதுவதுபோல நாள், மாதம், ஆண்டு என்று வைத்திருந்தேன். இயந்திரத்துக்கு அது தேதியல்ல, வெறும் எழுத்து. எல்லா மாதங்களின் ஒன்றாம் தேதிகளையும் முதலில் அடுக்கும், அடுத்து இரண்டாம் தேதிகளை. போன திங்கள் இரண்டாம் தேதி. மற்ற நான்கு மருத்துவமனைகளிலும் ஆண்டை முன்னால் வைத்திருந்ததால் அந்த ஸ்கிரிப்ட் பிழைத்திருக்கிறது. தேதியில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவன், அது என் பிழை என்று இருவரிடமும் சொன்னேன்.

“அப்ப என் ஸ்கிரிப்ட்டத் திட்டாதீங்க அண்ணே. பேர் வச்சது நீங்க.”

“சண்டைய அப்புறம் வச்சிக்குங்க. மணி ரெண்டே முக்கால்,” என்றார் அக்கா.

கறுப்புத் திரையில் புதிதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒவ்வொரு நகலும் உருவான நேரத்தைப் பெட்டி தன்னிடமே குறித்து வைத்திருக்கும். பெயரைப் பார்க்காதே, அந்த நேரத்தைப் பார். ஓராண்டு தாண்டியதை மட்டும் எடு. திங்களின் நகலை எந்நிலையிலும் தொடாதே. பதினோரு வரிகள். இன்ஜினியர் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனதைக் கண்டுபிடித்தார். மறுபடி அச்சடித்தோம்; அக்கா மறுபடி வாசித்தார், கடைசிப் பக்கத்தை மட்டும் இரண்டு முறை. இந்த வாரத்தின் நகல் ஒன்றுகூட இல்லை. அழிக்கும் வார்த்தையைத் திரும்பப் போட்டேன்.

“நீங்களே அடிங்க அண்ணே,” என்றார் இன்ஜினியர்.

என்டர் தட்டினேன். பெயர்கள் மளமளவென ஓடி நின்றன. ஆனால் மீதி இடம் அப்படியே இருந்தது.

“என்னப்பா இது?” அக்காவின் குரல் உடைந்தது.

“பயப்படாதீங்க அக்கா. அழிச்ச உடனே எடம் வராது. பின்னால மெதுவா கூட்டிப் பெருக்கும்,” என்றார் இன்ஜினியர். சொன்னாரே தவிர, அவரும் மீதி இடத்தின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று இருபத்திரண்டுக்கு எண் அசைந்தது. பிறகு நிற்கவேயில்லை. எச்சரிக்கைச் சிவப்பு மஞ்சளாகி, மஞ்சளும் அணைந்தது. இன்ஜினியர் மேசையை ஓங்கித் தட்டினார். நான் ஏதோ கத்தினேன், என்னவென்று நினைவில்லை. திங்களின் நகலைத் திறந்து கோப்புறையைத் திருப்பி வைத்து முடிப்பதற்குள் அக்கா தன் அறைக்கு ஓடியிருந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முகாம் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் பேச விடவில்லை. கடைசிப் பெயருக்கும் படம் திறந்தது. இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினார், பந்தயத்தில் ஜெயித்தவரைப்போல. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தார்.

“டாக்டர், காப்பார் படம் எல்லாம் இருக்கு. ஆமா, எல்லாமே. யாரையும் திரும்ப வரச் சொல்ல வேணாம். இப்பவே பாக்க ஆரம்பிக்கலாம்.”