அக்கா டிவியில் மூன்று முறை அழுதாள்

எங்கள் அக்கா கேத வீடுகளில் ஒப்பாரி பாடுவாள். நான் தப்பு அடிப்பேன். திண்டுக்கல்லைச் சுற்றி எந்த ஊரில் யார் செத்தாலும் எங்களைக் கூப்பிட ஆள் வரும்.

போனதும் அக்கா முடியை அவிழ்த்து விடுவாள். செத்தவர் பேரைக் கேட்பாள். பிள்ளைகள் எத்தனை, கூடப் பிறந்தவர்கள் யார், கடைசியாக என்ன ஆசைப்பட்டுச் சாப்பிட்டார் என்று கேட்பாள். அப்புறம்தான் வாயைத் திறப்பாள். கேட்டதெல்லாம் பாட்டில் வரும். அதுவரை அழாத மருமகளும் அழுவாள்.

பாடி முடித்ததும் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவோம். கேத வீட்டில் யாரும் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்வதில்லை. சொன்னால் இன்னொரு சாவுக்கு அந்த வீட்டுக்கு வர வேண்டியிருக்கும். எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

வீட்டுக்கு வீடு கேபிள் வந்திருந்த சமயம். மெட்ராஸிலிருந்து டிவிக்காரர்கள் வந்து அக்காவைக் கூப்பிட்டார்கள். ஆட்டம், பாட்டு, சிரிப்பு எல்லாம் கலந்த ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி. அதில் அக்கா சிறப்பு விருந்தினர் என்றார்கள். அக்காவை அதுவரை யாரும் விருந்தாளி என்று சொன்னதில்லை. கேத வீட்டில் எங்களுக்கு வாசலோடு சரி.

மெட்ராஸ் போனோம். அங்கே மேடையில் ஒரு வீட்டு வாசல் மாதிரி செய்து, ஒரு நடிகரைப் பாடையில் படுக்க வைத்து மாலை போட்டிருந்தார்கள். நிகழ்ச்சி நடத்துகிறவர் மினுமினுக்கிற கோட்டு போட்டிருந்தார்.

அக்கா வழக்கம்போல முடியை அவிழ்த்தாள். கோட்டுக்காரரிடம் கேட்டாள்.

“செத்தவரு உங்களுக்கு என்ன வேணும்?”

கூட்டம் சிரித்தது.

“பங்காளிம்மா. எனக்கு ஐநூறு ரூபா தரணும். அதுக்குள்ள போயிட்டான்.”

“புள்ளைக எத்தன?”

“வீட்டுலயா, வெளியிலயா?”

கூட்டம் கைதட்டியது. அக்காவுக்கு எதற்கென்று புரியவில்லை. அவள் பாடினாள். நிஜமாகத்தான் பாடினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. முடித்ததும் எழுந்து திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கோட்டுக்காரர் பின்னாலேயே ஓடினார். “ஏம்மா, சொல்லாமப் போறீங்க? பங்காளி கோவிச்சுக்குவான்!” பாடையில் கிடந்தவர் எழுந்து கூடவே ஓடினார். அதற்குத்தான் அன்று பெரிய சிரிப்பு.

இரண்டாவது தடவை, அறுந்துபோன செருப்புக்கு ஒப்பாரி வைக்கச் சொன்னார்கள். பாடினாள். அன்றும் சொல்லாமல் நடந்தாள். அன்றும் துரத்தினார்கள்.

மூன்றாவது தடவை கோட்டுக்காரர் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். “இன்னைக்கு வாசல்ல நின்னு கும்பிட்டு, போயிட்டு வாரேன்னு சொல்லணும். ஜனம் அதுக்குத்தான் காத்திருக்கு.”

“கேத வீட்டுல அந்தச் சொல்லு ஆகாதுங்கய்யா.”

“எங்கம்மா கேதம்? அங்க பாருங்க, செத்தவன் டீ குடிக்கிறான்.”

அக்கா பார்த்தாள். மூக்கில் பஞ்சோடு அந்த ஆள் டீ குடித்துக்கொண்டிருந்தார். யாரும் சாகாத இடத்தில் சொன்னால் என்ன என்று அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது. பாடி முடித்து, முடி அவிழ்ந்தபடியே கும்பிட்டாள். “போயிட்டு வாரேன்” என்றாள். கைதட்டல் நிற்க ரொம்ப நேரமானது.

அதை ஊரே பார்த்தது. பூ மார்க்கெட்டில், பஸ் ஸ்டாண்டில், எங்கே போனாலும் “அக்கா, போயிட்டு வாரியா?” என்றார்கள். முதலில் அக்காவும் சிரித்தாள்.

பிறகு ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு கேதம். செத்தவர் வெங்காய வெள்ளாமைக்காரர். அக்கா பாடியதும் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். எழுந்து நடந்தோம். பின்னாலிருந்து ஒரு இளவட்டம், “ஏக்கா, டிவியில மட்டுந்தேன் சொல்லுவியா?” என்று கத்தினான். பந்தலே சிரித்தது. செத்தவரின் மகள் மட்டும் சிரிக்கவில்லை. ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்தாள்.

“சொல்லிப்புடாதடி. முடிய விரிச்சுப் போட்டு அந்தச் சொல்லச் சொன்ன வாய்தான உன் வாயி? இனி இந்தத் தெருப் பக்கம் வராத.”

அதோடு நின்றது. கூப்பிட வந்தவர்கள் என்னிடம் மட்டும் பேசினார்கள். “உங்கக்கா வேணாம்ப்பு. வடமதுரைக்காரிய வச்சுக்குறோம். நீ அடிக்க வா.” போனேன். அடுப்பு எரிய வேண்டும். அக்கா வீட்டில் இருந்தாள். டிவிக்காரர்களும் பிறகு கூப்பிடவில்லை.

பக்கத்து வீட்டில் பூக்கட்டுகிற ஒரு அம்மா இருந்தது. அக்காவுக்குச் சேக்காளி. மத்தியானமெல்லாம் இரண்டு பேரும் மல்லி கட்டுவார்கள்.

“ஊர்க்காரன் கூப்பிடலைன்னா என்னடி, நான் செத்தா நீதான் பாடணும்” என்று அந்த அம்மா சொல்லும். “எங்கண்ணன் எனக்குச் சீரா மாடு ஓட்டிக்கிட்டு வந்ததப் பாடணும்.”

“மொதல்ல நீ சாவு. அப்புறம் பாப்போம்.”

“அவசரத்தப் பாரு இவளுக்கு!”

அந்த ஒரு பாட்டுதான் அக்காவுக்கு மிச்சம் இருந்தது. அதை நம்பித்தான் இருந்தாள்.

தை மாதத்தில் அந்த அம்மா செத்தது. மகன் என்னைக் கூப்பிட்டான், போய்த் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அக்கா முடியை அவிழ்த்துவிட்டு வந்தாள். மகன் வாசலில் மறித்தான்.

“அக்கா, கோவிச்சுக்காத. எம்பொண்டாட்டி மாசமா இருக்கா.”

“உங்காத்தா கேட்டுச்சுப்பா.”

“தெரியும். ஊரு சிரிக்கும்க்கா. எங்கம்மா பொணத்த வச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க.”

“பாடல. ஓரமா உக்காந்து அழுதுட்டுப் போறேன்.”

“நீ அழுதாலும் பாட்டா வந்துரும்க்கா.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தப்பை நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் போய்விட்டாள். வடமதுரைக்காரி பாடினாள். நான் அடித்தேன்.

பாடை எங்கள் வீட்டைத் தாண்டும்போது கதவு சாத்தியிருந்தது. கூட்டத்தில் ஒருத்தன் கதவைப் பார்த்து, “போயிட்டு வாரோம்க்கா!” என்றான். சிரித்தார்கள். அந்த அம்மாவின் மகனும் தலையைக் குனிந்து சிரித்ததைப் பார்த்தேன். அடியை நிறுத்தவில்லை.

சுடுகாட்டிலிருந்து வந்தபோது அக்கா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். முடி அவிழ்ந்தே கிடந்தது. முந்தானையை வாய்க்குள் திணித்திருந்தாள். கேதம் இல்லாத வீட்டில் ஒப்பாரிச் சத்தம் வரக்கூடாது. துணியை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

“அண்ணன் மாடு ஓட்டிக்கிட்டு வந்ததப் பாடுனாளா?”

“இல்ல.”

“அவளுக்கு எப்படித் தெரியும்?”

அக்கா முடியை அள்ளி முடிந்தாள்.

“குளிச்சுட்டு வா. சோறு போடுறேன்.”