எல்லாம் சூடுதான்

என் தம்பியின் கண் சிவந்திருந்தால் அம்மாவுக்கு அது உடம்புச் சூடு. வாய் வறண்டு செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தால் அதுவும் சூடு. நெஞ்சு படபடக்கிறது என்று சுவரோரம் உட்கார்ந்தால், சூடு தலைக்கேறிவிட்டதாம். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துவிடுவாள். இருபத்தாறு வயது ஆம்பளைக்கு!

துணி துவைக்கும்போது அவன் சட்டைப் பையில் கஞ்சாப் பொட்டலம் கிடைத்தது. நேராக அம்மா முன்னால் வைத்தேன். அவன் அசரவே இல்லை. "வெறும் எலதானக்கா, மூலிகை" என்றான். ஏதோ துளசியைப் பறித்துத் தின்றவன் போல ஒரு முகம்! அம்மா என்மேல்தான் பாய்ந்தாள்.

"வயித்துக்குச் சாப்புடுற பிள்ளையக் கரிச்சுக் கொட்டாதடி. கெட்டுப் போனவன் இம்புட்டுச் சோறு திம்பானா?"

உண்மைதான், தின்றான். கடையில் பிரியாணி முடித்துவிட்டு வந்து வீட்டில் ஆறு தோசை கேட்பான். அந்தப் பசியைக் கிளப்புவதே கஞ்சாதான் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவள் காதில் ஏறவில்லை. பூ மார்க்கெட்டில் எடை போடுகிற வேலை அவனுக்கு. போட்ட எடையை மறந்து மறுபடியும் போடுகிறான் என்று கடைக்காரர் புலம்பினார். சீனி வாங்கப் போனவன் ஒரு மணிநேரம் கழித்து வெறுங்கையோடு வந்து, "இப்பத்தானக்கா போனேன்" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பொறுக்க முடியாமல் நான் மட்டும் போய் ஒரு மனநல டாக்டரைப் பார்த்தேன். "கண் செவப்பு, பசியெல்லாம் போதை தெளிஞ்சா போயிரும்மா. விட்டுட்டா மறதியும் பெரும்பாலும் சரியாகும். ஆனா சிலருக்குச் சந்தேகம் வந்து புத்தி கலங்கிரும். அப்படித் தெரிஞ்சா உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். வந்து சொன்னேன்.

"எம்பிள்ளையப் பைத்தியம்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வாரியா?" என்றாள் அம்மா.

அப்புறம் மார்க்கெட்டில் எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று அவன் சொல்ல ஆரம்பித்தான். அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒருநாள் மத்தியானம் சோறு போட்டுக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் பக்கம் தள்ளினான்.

"இதுல என்னத்தக் கலந்த?"

"ஏலே, என்னடா பேசுற?"

"மொதல்ல நீ சாப்புடு."

அம்மா ஒரு வாய் பிசைந்து விழுங்கினாள். அது தொண்டையில் இறங்கும் வரை அவன் பார்த்தான். அப்படியும் தட்டைத் தொடவில்லை.

கைகூடக் கழுவாமல் அவள் என்னிடம் வந்தாள்.

"அந்த டாக்டரு இப்ப இருப்பாராடி?"