மஞ்சள் சட்டையும் பஸ் ஹாரனும்

பேப்பரில் வந்துவிட்டால் அது சாமி வாக்கு என்று நம் வீட்டில் ஓர் எண்ணம் இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் சின்னவன் பேப்பரைச் சத்தமாக வாசித்தான். எங்கேயோ லாரி மோதி ஒரு சைக்கிள்காரருக்குக் கால் போய்விட்டது. விளக்கில்லாமல் வந்தவர் என்று முதல் வரியிலேயே போட்டிருந்தார்கள். சின்னவன் பேப்பரை மடித்துக்கொண்டே, "அப்பம் அவரு மேலதான்ப்பா தப்பு" என்றான். பெரியவனும் தலையை ஆட்டினான். எனக்கு வந்த எரிச்சலில் சோறு இறங்கவில்லை.

ஏலே, அதே வரியை நானும் ஒரு தரம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். அப்போது நீங்கள் இரண்டு பேரும் விவரம் தெரியாத பிள்ளைகள். உங்கள் அக்கா ஒன்பதாம் வகுப்பு படித்தாள். வாயால் சொன்னால் கோபத்தில் பாதி விட்டுப்போகும் என்று எழுதி வைக்கிறேன். நான் படித்தது எட்டாவது வரைதான்; பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். வாசித்து முடித்த பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

அந்த வருஷம் நம் தோட்டத்தில் பிச்சி போட்டிருந்தோம். பறித்த பூவை, நனைத்த வெள்ளை வேட்டியில் கட்டி, சைக்கிள் கேரியரில் ஏற்றி, சங்கரன்கோவில் பூக்கடைக்குக் கொண்டுபோவேன். மூட்டை ஒரு கன்றுக்குட்டிப் பருமன் இருக்கும். உங்கள் அக்காவும் அதே ரோட்டில்தான் சைக்கிளில் பள்ளிக்கூடம் போவாள். அவளுக்குச் சைக்கிளை விட்டால் வேறு வழியில்லை. காலையில் வருகிற பஸ் டவுனுக்குப் போய்ச் சேருவதற்குள் முதல் மணி அடித்து முடிந்துவிடும். சாயங்கால பஸ்ஸோ விளக்கு வைத்த பிறகுதான் திரும்பி வரும். சைக்கிள் இருந்தால் படிப்பு, இல்லாவிட்டால் வீடு. அவ்வளவுதான் கணக்கு.

குருவிகுளம் ரோட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒற்றைத் தார். ஒரு பஸ் வந்தால் தார் முழுக்க அதற்கே சரியாக இருக்கும். பின்னால் ஹாரன் கேட்டால் சைக்கிள்காரன் தாரை விட்டுக் கீழே இறங்க வேண்டும். எந்தச் சட்டத்தில் அப்படி எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நடைமுறை ஆகிவிட்டது. மாடு குறுக்கே நின்றால் பஸ்ஸை நிறுத்தி, கண்டக்டர் இறங்கி ஓட்டிவிடுவார். சைக்கிளுக்கு நிறுத்த மாட்டார்கள்.

ஐப்பசி மழையில் சின்னப் பாலத்துப் பக்கம் தாரின் ஓரம் அரித்துப் போய், கெண்டைக்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்து கிடந்தது. அன்றைக்கு நான் பாலத்தை நெருங்கும்போது பின்னால் ஹாரன் கேட்டது. பூ மூட்டையோடு அந்தப் பள்ளத்தில் இறங்கினால் சைக்கிள் குடை சாய்ந்துவிடும். பாலம் தாண்டி வழிவிடுகிறேன் என்று கையைக் காட்டினேன். பஸ் பொறுக்கவில்லை. பக்கத்துத் தகரம் ஹேண்டில்பாரில் தட்டியது தெரியும். அப்புறம் பள்ளத்துத் தண்ணீரில் கிடக்கிறேன், என்னைச் சுற்றிலும் பிச்சிப் பூ மிதக்கிறது. இடது தோள் எலும்பு முறிந்துவிட்டது. அப்போது வெயில் முதுகில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அக்கா அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் மணியடித்து என்னை முந்திக்கொண்டு போயிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து உங்கள் மாமா ஆஸ்பத்திரிக்குப் பேப்பரோடு வந்தார். உங்கள் அம்மாவின் அண்ணன், நம் ஊரிலிருந்தே பஸ்ஸில் போய்வருகிறவர், டவுனில் ஆபீஸ் உத்தியோகம், தினமும் பேப்பரை முதல் வரியில் தொடங்கி விளம்பரம் வரைக்கும் வாசிக்கிறவர். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினார். அதிகாலை இருட்டில் விளக்கு இல்லாமல் சைக்கிளில் வந்த விவசாயி, திடீரென்று குறுக்கே பாய்ந்து பஸ்ஸில் மோதிக் காயமடைந்தாராம்.

"மச்சான், நடந்தது பட்டப்பகல். வெயில்ல எந்த மடையன் வெளக்கு எரிப்பான்?"

"அது சரி மாப்ளே. ஆனா பேப்பர்ல போட்டிருக்கே."

"நான் குறுக்கே பாயவே இல்ல. நேராத்தான் போனேன்."

"ஒமக்கு அடிபட்ட கலக்கத்துல தெரிஞ்சிருக்காது."

பக்கத்துக் கட்டில்காரர் பேப்பரைக் கேட்டு வாங்கி வாசித்துவிட்டு, "வெளக்குக்கு எண்ணெ ஊத்த வேண்டாமா அண்ணாச்சி?" என்று எனக்குப் புத்தி சொன்னார். மாமா எழுந்து நின்று துண்டை உதறினார். "ஒரு பொம்பளப் புள்ள இப்படி விழுந்தா நாளைக்கு யாரு பதில் சொல்லுதது? இனிமே புள்ள சைக்கிளத் தொடப்படாது." தாய்மாமன் சொல்லிவிட்டார், உங்கள் அம்மாவும் பயந்துபோய் இருந்தாள். அக்காவின் படிப்பு அன்றைக்கு நின்றது. அவள் அழவில்லை. காலையில் சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பழையபடி சுவரில் சாய்த்து வைப்பாள். அதைப் பார்ப்பதற்கு அவள் அழுதே இருக்கலாம்.

தோள் கட்டோடு நிருபரைத் தேடிப் போனேன். தேரடிப் பக்கம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர்தான் அந்தப் பேப்பருக்குச் செய்தி அனுப்புகிறவர். நல்ல மனுஷன். உட்காரச் சொல்லி, ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"பகல்ல நடந்தத இருட்டுன்னு போட்டிருக்கீங்களே?" என்றேன்.

"நேரம் யாரும் சொல்லலியே அண்ணாச்சி. கண்டக்டர்ட்டதான் விசாரிச்சேன்."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தீங்க."

"ஆஸ்பத்திரி என்ன மெட்ராஸ்லயா இருக்கு?"

கொஞ்சம் நெளிந்தார். "சைக்கிள் விபத்துன்னா பொதுவா வெளக்கு இல்லாம வந்ததாத்தான் இருக்கும். எழுதி எழுதிக் கை தன்னால அப்படியே போயிருது."

"அப்பம் திருத்திப் போடுங்க."

"தோளு ஒடிஞ்சதுக்கெல்லாம் திருத்தம் போட மாட்டாங்க. கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி, நீங்க போய்ச் சேந்திருந்தீங்கன்னா படத்தோட பெருசா வந்திருக்கும்."

"எங்கிட்ட படமே கெடையாது" என்றேன்.

"ஒண்ணு எடுத்துருவோமா?" என்றார் அவர்.

திருத்தம் வரவில்லை. அதற்குப் பதிலாக அடுத்த வாரம் கட்டம் கட்டி ஓர் அறிவுரை வந்தது. சைக்கிளில் போகிறவர்கள் ஓரமாகப் போக வேண்டும், விளக்கு வைத்துக்கொள்ள வேண்டும், தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி பளிச்சென்ற உடுப்புப் போட வேண்டும். பஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வரி கிடையாது. வேண்டும் வேண்டும் என்று அத்தனையும் சைக்கிள்காரனுக்குத்தான்.

மாமாவுக்கு அதில் ஒரு வழி பிறந்துவிட்டது. "வெளிநாட்டுல எல்லாம் பளபளன்னு சட்டை போட்டுக்கிட்டுத்தான் சைக்கிள் ஓட்டுதானாம். பேப்பர்ல போட்டிருக்கான்" என்று, ஒரே துணியில் அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று சட்டை தைத்துக்கொண்டு வந்தார். மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள், கண் கூசும். அதைப் போட்டுக்கொண்டால் அக்கா போகலாம் என்றார். சரி, படிப்பு நடந்தால் போதும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தாவணிக்கு மேல் அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு உங்கள் அக்கா போனாள்.

ஒரு வாரம் தாங்கவில்லை. சைக்கிள் ஓட்டுகிற பெண்பிள்ளையை ஏற்கெனவே ஊரே திரும்பிப் பார்க்கும். இப்போது மணியடித்துக்கொண்டு பின்னாலேயே வர ஆரம்பித்துவிட்டார்கள் பையன்கள். சட்டையைச் சுருட்டி மாமாவின் முன்னால் வைத்தாள்.

"மாமா, நாலு பேருக்குத் தெரியணும்னு தச்சீங்க. தெரியுது. போறவன் வாறவன் எல்லாம் பாக்கான். பஸ்ஸு மட்டும் ஒதுங்க மாட்டேங்கு."

"சட்டை இல்லன்னா சைக்கிள் இல்லட்டி."

மறுபடியும் சைக்கிள் சுவரில் சாய்ந்தது. அரைப் பரீட்சை எழுதாவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கூடப் படிக்கிற பிள்ளையிடம் சொல்லியனுப்பினார்கள்.

அதற்குள் எனக்குத் தோள் கூடியிருந்தது. மாமாவிடம் சொன்னேன்: "மச்சான், நாளைக்கு நீரு அந்த பஸ்லயே டிரைவர் பக்கத்துல உக்காந்து வாரும். நான் மஞ்சச் சட்டையப் போட்டுட்டு முன்னால போறேன். என்ன நடக்குன்னு ஒம்ம கண்ணால பாரும்."

மஞ்சள் சட்டையோடு டீக்கடையைத் தாண்டுவதற்குள் மானம் போய்விட்டது. "என்ன அண்ணாச்சி, மஞ்சக் கடுதாசி குடுத்தாச்சா?" என்றான் ஒருத்தன். "ஏ, இல்லவே. ஆடித்தபசுக்கு இப்பமே வேண்டுதல் தொடங்கிட்டாரு" என்றான் இன்னொருத்தன். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஹாரன் கேட்டது. நான் இறங்கவில்லை. பஸ்ஸும் வேகத்தைக் குறைக்கவில்லை. சட்டைக் கையில் தகரம் உரசுகிற மாதிரி போயிற்று. காலை ஊன்றிப் பள்ளத்தின் விளிம்பில் நின்றுவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் போய்ப் பார்த்தால், மாமாவும் டிரைவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். மாமாவின் முகம் சரியில்லை. நான் நேரே டிரைவரிடம் போனேன்.

"நான் வந்தது தெரிஞ்சுதா?"

"தெரியாமயா அண்ணாச்சி? வளைவு திரும்புனதுமே தெரிஞ்சுட்டு. எங்க ஊருக் கோயில் கொடையில கூட இப்படி ஒரு மஞ்சளப் பாத்ததில்ல."

"பெறவு ஏன் வே ஒரசிட்டுப் போனீரு?"

"ஹாரன் அடிச்சேம்லா? நீரு எறங்கலியே."

"என் தோளு ஒடிஞ்ச அன்னைக்கு?"

அப்போதுதான் ஆளை அடையாளம் தெரிந்தது அவருக்கு. கிளாஸைக் கீழே வைத்தார். "அட, பூக்கார அண்ணாச்சியா? சட்டையில ஆள் மட்டுப்படல. அன்னைக்கும் தெரிஞ்சுது. அம்மாம்பெரிய வெள்ளை மூட்டை தெரியாம இருக்குமா? எறங்கிருவீருன்னு நெனச்சேன். எல்லாரும் எறங்கத்தான செய்யுதாங்க." கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். அவர் மனதில் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். என் டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

மாமா "பேப்பர்ல" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். டீயை முடித்துவிட்டு, "அப்பம், அந்த எடத்துல எறங்க வசதி இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது, அப்படித்தான மாப்ளே?" என்றார். பாருங்கள், அப்போதும் இறங்க வேண்டியவன் நான்தான்!

ஆனாலும் மாமா சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பேண்ட்டை மடித்துவிட்டு, மம்பட்டியோடு வந்து நின்றார். நானும் அவரும் பாலத்து ஓரம் சரள் அடித்துப் பள்ளத்தை நிரப்பினோம். அக்கா சட்டியில் அள்ளிக் கொண்டுவந்து கொட்டினாள். கொட்டிக்கொண்டே கேட்டாள்: "எதுக்குப்பா இது? நாம எறங்குததுக்கா?"

"பேசாம கொட்டுட்டி" என்றார் மாமா. திங்கட்கிழமை அவள் போயாக வேண்டும், என் மனதில் அது மட்டும்தான் இருந்தது. மம்பட்டியால் சரளைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலையில், சட்டையைப் போடு, மாட்டேன் என்று அம்மாவுக்கும் அவளுக்கும் வாக்குவாதம். அதிலேயே நேரமாகிவிட்டது. யூனிஃபார்மோடுதான் போனாள். மாமாவும் பஸ் பிடிக்கப் போய்விட்டார். நான் தோட்டத்தில் நிற்கிறேன், பாலத்துப் பக்கம் ஹாரன் கேட்டது. ஒரு தரம் அடித்து நிற்கவில்லை. இழுத்து, இழுத்து, விடாமல் அடித்தது. பூக்கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். முள்ளில் வேட்டி கிழிந்தது.

ரோட்டில் ஏறிப் பார்த்தால், உங்கள் அக்கா தாரில் போய்க்கொண்டிருக்கிறாள். இடது கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து, வலது கையைப் பின்னால் நீட்டி, பொறு என்று காட்டியபடி. அவள் பின்னால் பஸ் வண்டிமாடு மாதிரி ஊர்ந்து வருகிறது. நாங்கள் நிரப்பிய இடம் வந்தது. இறங்கவில்லை. பாலம் முடிந்து ரோட்டோரம் சமதரையாக இருந்த இடத்தில்தான் தானாக ஒதுங்கி வழிவிட்டாள்.

சாயங்காலம் மாமா வந்தார். "டிரைவர் வாய்க்கு வந்ததப் பேசிக்கிட்டே ரெண்டாம் கியர்ல வந்தான் மாப்ளே. பின்னால இருந்தவன் எல்லாம், யாரு வீட்டுப் புள்ளன்னு கேட்டான். எந்தங்கச்சி மகள்னு சொன்னேன்." அதற்கு மேல் சைக்கிளைப் பற்றி அவர் பேசவில்லை. அரைப் பரீட்சையை அக்கா எழுதினாள். பன்னிரண்டு வரைக்கும் அதே ரோட்டில், அதே சைக்கிளில் போய்வந்தாள். மாமா இன்றைக்கும் பேப்பரை விளம்பரம் வரைக்கும் வாசிக்கிறார். அவர் வாசித்ததில், பிரேக் போட்ட பஸ்ஸைப் பற்றி ஒரு வரியும் வந்ததில்லை.

என் மஞ்சள் சட்டையை, துணி வீணாகக் கூடாது என்று, கம்பங்காட்டில் குச்சி நட்டுக் கட்டிவிட்டோம். அரை மைல் தூரத்திலிருந்தே நன்றாகத் தெரிந்தது. குருவிகள் அதைப் பார்த்துக்கொண்டே வந்து கம்பைத் தின்றன.