மீட்டரில் அம்மாவின் பொட்டு

கண்ணுகளா, மாமனின் ரேஸ் கார் மீட்டரில் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஏன் ஒட்டியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது அது. எழுதியே வைத்துவிடுகிறேன். அப்பன் படித்தது பத்து வரைக்கும்தான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது அந்த மீட்டர். மாமனின் பழைய சின்னக் காருக்கு ஆறாயிரம் சுற்றுதான் எல்லை. அதைத் தாண்டி முறுக்கினால் உடையும். போன மழைக்காலத்தில் சேற்று வயல் ரேஸில் ஓர் இன்ஜின் அப்படித்தான் போனது. "இதும் போச்சுன்னா அந்தக் காரு எனக்குக் கோழிக்கூடுடா" என்று அம்மா தன் தம்பியிடம் சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்காமல், கோழி உட்காரக் கம்பும் வெட்டி வைத்தாள்.

மீட்டரை மாட்டியது நான். வண்டி வயரிங்தானே என் பிழைப்பு. மீட்டருக்குப் பின்னால் ஒரு சுவிட்ச். அதில் நாலு, ஆறு, எட்டு சிலிண்டர் என்று மூன்றே இடம். மாமன் காருக்கோ மூன்று சிலிண்டர். நாலுதானே மூன்றுக்குப் பக்கத்து வீடு என்று நாலில் வைத்துவிட்டேன்.

ஓட்டிப் பார்த்து வந்த மாமனுக்கு முகம் சரியில்லை.

"மச்சான், முள்ளு நாலாயிரத்து ஐந்நூறுதான் காட்டுதுங்க. இன்ஜின் கத்தறது பன்னியப் புடிச்ச மாதிரி இருக்குது."

"ரேஸ் வண்டி கத்தாம, தாலாட்டா பாடும் மாப்ளே?" என்றேன்.

அம்மா வாசலுக்கு வந்தாள். "ஏனுங்க, அந்தக் கத்தறத அப்பறம் பாருங்க. நேத்து மாட்டுக் கட்டுத்தறியில சோளத்தட்டு வெட்டறப்ப மிஷின் சக்கரம் நின்னுபோச்சுன்னு கைய நீட்டிட்டனுங்க. அது சுத்திக்கிட்டே இருந்துருக்குது. அந்தப் பழைய டியூப்லைட்ட இன்னிக்காவது மாத்துங்க."

எனக்குச் சுருக்கென்றது, பயத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி. பழைய சோக் போட்ட டியூப்லைட் நொடிக்கு நூறு தடவை மங்கி மின்னும். நம் கண்ணுக்குத் தெரியாது. அதோடு ஒத்துப்போகிற வேகத்தில் சுற்றும் சக்கரம் மட்டும் நின்றதுபோல் தெரியும். அந்த விளக்கை வைத்தே இன்ஜின் வேகத்தை அளந்துவிடலாமே!

"மாப்ளே, காரைக் கட்டுத்தறிக்குள்ள தள்ளு!"

"அங்க மாடு நிக்குதுங்களே!"

மாட்டை வேப்பமரத்தடிக்கு மாற்றினோம். அது திரும்பித் திரும்பிப் பார்த்தது. "பால் எறங்கலீன்னா காருகிட்டக் கறந்துக்கோங்க" என்றாள் அம்மா. வெயில் உள்ளே வராமல் படுதா கட்டி, இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் அதன் முன்பக்கச் சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரே கோடு போட்டேன். மாமன் ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்தான். கோடு கலங்கி, பிறகு எதிரெதிரே இரண்டு கோடாக அசையாமல் நின்றது. ஒரு சுற்றுக்கு இரண்டு மின்னல் என்றால் நொடிக்கு ஐம்பது சுற்று, நிமிடத்துக்கு மூவாயிரம்.

"முள்ளு எவ்வளவு காட்டுது?"

"ரெண்டாயிரத்து எரநூத்தம்பதுங்க."

மூன்று சிலிண்டரை நாலு என்று எண்ணி முள் முக்கால் பங்குதான் காட்டுகிறது. அப்படியென்றால் நாலாயிரத்து ஐந்நூறு என்று முள் சொன்னபோது, இன்ஜின் ஆறாயிரத்தின் விளிம்பில் நின்றிருக்கிறது! மாமன் இன்ஜினை அணைத்தான். அம்மா, "கம்பு ரெடியா இருக்குதுங்க" என்றாள்.

சுவிட்சை ஆறுக்கு மாற்றினேன். மூன்று ஆறில் பாதிதானே. முள்ளும் நிஜத்தில் சரிபாதி காட்டும். மறுபடி பார்த்தோம். இரண்டு கோடு நின்றபோது ஆயிரத்து ஐந்நூறு. ஒரே கோடாக நின்றபோது மூவாயிரம், நிஜம் ஆறாயிரம். அங்கே ஒரு நொடிகூட வைக்காமல் மாமன் காலை எடுத்துவிட்டான். அம்மாவின் நகப்பாலிஷால் மீட்டர் கண்ணாடிமேல் எண்களை இரட்டிப்பாக எழுதினேன். ஆறாயிரத்தில், அவள் நிலைக்கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த பெரிய சிவப்புப் பொட்டை அவளே கொண்டுவந்து ஒட்டினாள்.

"முள்ளு இதத் தொட்டுது, தொலஞ்சடா."

ஞாயிற்றுக்கிழமை மாமன் ஐந்தாவதாக வந்தான். இன்ஜின் முழுசாக வீடு வந்தது. "அக்கா, பொட்டத் தொடவே இல்ல" என்றான், காதுவரை சேறோடு.

எல்லாரும் காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது நான் தனியாகக் கட்டுத்தறிக்குப் போனேன். பரண்மேல் இரண்டு வருடமாகக் கிடந்த, அப்படி மங்கி மின்னாத எல்.இ.டி. விளக்கை எடுத்துத் தட்டு வெட்டும் மிஷினுக்கு நேர்மேலே மாட்டினேன். டியூப்லைட்டைத் துண்டால் துடைத்து, இன்னொரு மீட்டர் பார்க்க ஆகுமென்று அதன் இடத்திலேயே விட்டு, அணைத்தேன். மிஷினைப் போட்டுப் பார்த்தேன். சக்கரம் சுற்றுவது சுற்றுவதாகவே தெரிந்தது.